மாப்பிள்ளையின் இரண்டாவது வருடம்

என் மகளின் கணவர் கல்லூரிக் கால்பந்து அணிகளுக்குப் பயிற்சியாளர். நல்ல அணிகளுக்கு அல்ல. தோற்றுத் தோற்று, ஆடிவிட்டுப் பேருந்தில் ஏறும்போது பையன்கள் கல்லூரிப் பெயர் தெரியாமலிருக்கச் சட்டையை மாற்றிக்கொண்டு ஏறுவார்களே, அப்படிப்பட்ட அணிகளுக்கு. அவரை ஒரு கல்லூரி கூப்பிடுகிறது என்றால் அங்கே நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். நான் முப்பத்தொரு வருடம் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தவள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதனால் அவருடைய தொழில் எனக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. பந்துதான் ரொம்ப நாள் புரியவில்லை.

அவரும் ஆடியவர்தான். ஒரு தொழிற்சாலை அணியில் பின்வரிசைக்காரர். இருபத்து நான்கு வயதில் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். பிறகு அதே தொழிற்சாலையின் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கும் வேலை. எட்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே பயிற்சியாளர் தேர்வுக்குப் படித்து, மூன்றாவது தடவையில் தேறினார். கல்யாணமான புதிதில் அவர் எங்கள் மாடிப்படி ஏறுவதைப் பார்த்தேன்.

"ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது கெட்ட கால் முதல்ல, மாப்பிள்ளை" என்றேன்.

பத்து வருடமாகத் தப்பாகவே ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருத்தரும் சொல்லவில்லை. அவரும் ஒருத்தரையும் கேட்கவில்லை. கேட்க மாட்டார், சொல்லவும் மாட்டார். அதுதான் அவர் குணம்.

அவருடைய முறை இது. முதல் இரண்டு மாதம் கோல் அடிக்கும் பயிற்சியே கிடையாது. எங்கே நிற்பது, எப்போது நகர்வது, பக்கத்தில் இருப்பவனோடு எவ்வளவு இடைவெளி விடுவது, இவ்வளவுதான். பின்வரிசைப் பையன்கள் நான்கு பேரின் இடுப்பிலும் ஒரே கயிற்றைக் கட்டி மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கவிடுவார். ஒருவன் முந்தினால் மூவரும் இழுபடுவார்கள். கயிறு எங்கள் வீட்டுக் கொடிக்கயிறு. பிழிந்த துணி வாளியிலேயே கிடக்கும். நான் சத்தம் போட்டால், "இன்னைக்கு ஒரு நாள் அத்தை" என்பார். ஒரு மாதம் இதையே சொன்னார்.

"முதல் வருஷம் அடி வாங்காம இருக்கக் கத்துக்கணும். ரெண்டாவது வருஷம்தான் திருப்பி அடிக்கக் கத்துக்கணும்" என்பது அவருடைய கணக்கு. சரியான கணக்குதான். படுத்துக் கிடப்பவருக்கு முதலில் முதுகில் புண் வராமல் பார்க்க வேண்டும், அப்புறம் உட்கார வைக்க வேண்டும், அப்புறம்தான் நடை. வீட்டுக்காரர்கள் மட்டும் முதல் நாளே, "எப்ப நடப்பார்?" என்று கேட்பார்கள்.

கல்லூரிகளும் அப்படியே கேட்டன. முதல் கல்லூரி அதற்கு முந்தைய வருடம் பதினோரு ஆட்டத்திலும் தோற்றிருந்தது. இவர் போய்ச் சேர்ந்த வருடம் பன்னிரண்டு அணிகளில் ஏழாவதாக வந்தது. உடனே நிர்வாகத்துக்கு ஆசை பிறந்துவிட்டது. 'இந்தப் பையன்களிடம் திறமை இருக்கிறது, இனி ஜெயிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டுவருவோம்' என்று பெயர்பெற்ற ஒருவரைப் பிடித்தார்கள். இவருக்கு நன்றிக் கடிதம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கல்லூரியிலும் இதே கதை. கடிதங்களில்கூட ஒரே வரி: 'தாங்கள் இட்ட அடித்தளத்துக்கு நன்றி.'

"நான் என்ன கொத்தனாரா அத்தை? ஒவ்வொரு ஊர்லயும் அடித்தளம் போட்டுக் குடுத்துட்டுக் கிளம்பறதுக்கு?"

"கொத்தனாருக்காவது அடுத்த வேலை பக்கத்துத் தெருவுல கிடைக்கும்" என்றாள் என் மகள். நான்காவது தடவையாகப் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஒவ்வொரு ஊரிலும் வேலையை விட்டுவிட்டு, அடுத்த ஊரில் புதியவளாகக் கடைசி மேசையில் போய் உட்கார வேண்டும். ஐந்தாவது கல்லூரி இருந்த ஊரில் அவளுக்கு நல்ல இடமாக அமைந்தது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆறாவது மாதம் அவள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் அனுப்பிட்டாங்கன்னா நீங்க மட்டும் பெட்டியைத் தூக்குங்க. நானும் அம்மாவும் இங்கேயே இருக்கோம். லீவுக்கு வாங்க, போங்க."

"கோபத்துல சொல்றியா?"

"கோபமா இருந்தா பாத்திரம் பறந்திருக்கும். யோசிச்சுத்தான் சொல்றேன்."

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் கல்லூரி முதல்வரைப் பார்த்துத் தனக்கு இரண்டாவது வருடம் உண்டா என்று கேட்டார். வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசியில் வரும் இரண்டு அணிகளைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கும் விதி அந்த வருடம்தான் வந்திருந்தது. "அணியை முதல் பிரிவில் காப்பாற்றிக் கொடுங்கள், இரண்டாவது வருடம் உங்களுக்குத்தான், என் வாக்கு" என்றாராம் முதல்வர். எழுதி வாங்கவில்லையா என்று கேட்டேன். "பெரிய மனுஷர்கிட்ட எப்படி அத்தை கேக்கறது?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அந்த அணி நல்ல பையன்கள்தான். கேப்டனுக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். நடுவர் விசில் ஊதினால் ஏன் ஊதினார் என்று அரைமணி வாதாடுவான். கோல்கீப்பருக்குக் கதவு என்று பெயர். எப்போதும் திறந்தே கிடக்கிறது என்று முந்தைய வருடம் கேலியாக வைத்தது. இவர் வந்தபின் அந்தக் கதவு மெல்ல மெல்ல மூடியது. பத்து ஆட்டத்தில் ஏழு டிரா. வேடிக்கை பார்க்க வந்த மாணவர்கள் கைதட்டி, "தலைகாணி கொண்டா, தலைகாணி கொண்டா" என்று பாடினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் எரிச்சல்.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். டிரா செய்தால் பத்தாவது இடம், தப்பித்துவிடலாம். தோற்றால் பதினொன்று, கீழே போக வேண்டும். கல்லூரி நர்ஸ் விடுப்பில் இருந்ததால் முதலுதவிப் பெட்டியோடு என்னை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அதனால் நடந்தது முழுவதையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஆட்டத்துக்கு முன் பையன்களிடம் அவர் சொன்னது இரண்டே சொல். "டிரா போதும்." ஏன் போதும், தனக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. சொந்தக் கதையை ஆடுகிற பையன்கள் தலையில் ஏற்றக் கூடாதாம். நல்ல கொள்கை. ஆனால் அலுவலகத்துப் பியூனுக்கு அந்தக் கொள்கை கிடையாதே. ஒரு பிரபலமான பயிற்சியாளரை முதல்வர் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்த செய்தியை அந்தப் பியூன் அன்று காலையிலேயே வக்கீலின் காதில் போட்டுவிட்டார்.

எண்பது நிமிடம் வரை பிசகு இல்லை. நான்கு பேரும் கயிறு கட்டியதுபோலவே நகர்ந்தார்கள். கதவு இரண்டு பந்தைத் தாவிப் பிடித்தான். பத்து நிமிடம்தான் பாக்கி. நம் பக்கத்துக்கு ஒரு கார்னர், எதிர் கோலின் பக்க மூலையிலிருந்து உதைக்கும் வாய்ப்பு, கிடைத்தது. வக்கீல் திரும்பிப் பார்த்துக் கையை அசைத்தான். பின்வரிசை நால்வரும் எதிர் கோலை நோக்கி ஓடினார்கள். கதவும் நடுக்கோடு வரை வந்து நின்றான்.

"எங்கடா போறீங்க? திரும்புங்கடா!" மாப்பிள்ளை கோட்டோரமாக அந்த முழங்காலோடு ஓடினார். "வக்கீல்! டேய், திரும்பு!"

அவன் காதில் விழுந்தது. விழுந்தும், மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றான்.

கார்னர் பந்தை எதிரணிக்காரர்கள் தலையால் முட்டி வெளியே தள்ளினார்கள். ஒருவன் நீளமாக உதைத்தான். காலி மைதானம். அவர்கள் அணியிலேயே மெதுவாக ஓடுகிற தடிமனான பையன் ஒருவன், யாரும் துரத்த ஆளில்லாமல், பாதி மைதானத்தைக் கடந்து போய்ப் பந்தை உள்ளே தட்டிவிட்டான். கோல் போட்டதை நம்பாமல் அவனே ஒருதரம் திரும்பிப் பார்த்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்கள். இங்கே தாழியைத் தூக்கிக் கீழே போட்டதுபோல இருந்தது. அப்புறம் யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

உடைமாற்றும் அறையில் நான் வக்கீலின் கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். நகம் பெயர்ந்திருந்தது. மாப்பிள்ளை உள்ளே வந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"யாரு சொன்னது மேல போகச் சொல்லி?"

"நான்தான் சார்." வக்கீல் எழப் பார்த்தான். நான் காலைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"எதுக்கு?"

"உங்களை அனுப்பப் போறாங்கன்னு சொன்னாங்க சார். வேற ஆளைக் கூப்பிட்டு விருந்தே வெச்சுட்டாங்க. ஒரு ஆட்டமாவது ஜெயிச்சுக் குடுத்தா உங்களை அனுப்ப மாட்டாங்கன்னு எல்லாரும் சேர்ந்து பேசி வெச்சோம். உங்களுக்காகத்தான் சார்."

"எனக்காகவா? டிரா ஆகியிருந்தா நான் இங்கேயே இருந்திருப்பேன்டா! அதுதான் பேச்சு! டிரா போதும்னு சொன்னேனா இல்லையா?"

"போதும்னு சொன்னீங்க சார். ஏன் போதும்னு சொல்லலையே?"

கதவு ஒரு மூலையில் கையுறையைக்கூடக் கழற்றாமல் விசும்பிக்கொண்டிருந்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்று அனுப்பினேன். ஆத்திரத்தில் யாரையாவது நாலு சாத்துச் சாத்தலாம் என்றால், சாத்துவதற்குத் தகுந்த ஆளாக அந்த அறையில் ஒருவரும் இல்லை. நான் கட்டை முடித்தேன்.

ஒரு வாரம் அப்படியே போயிற்று. மகள் பெட்டியை எடுக்கவில்லை. எட்டாம் நாள் காலை முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். மதியம் அவர் திரும்பி வந்த முகத்தைப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுக்கலாமா என்று நினைத்தேன்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மகள்.

"இன்னொரு வருஷம் இருக்கச் சொல்லிட்டாங்க."

"அதுக்கா இந்த மூஞ்சி?"

"ஏன் இருக்கச் சொன்னாங்கன்னு கேளு. விருந்துக்கு வந்த அந்த ஆளு, கீழ்ப் பிரிவு அணிக்கெல்லாம் நான் வரமாட்டேன்னுட்டானாம். வேற ஆள் கிடைக்கலை. அதான் நான்." நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "நான் கேட்டுட்டேன். டிரா ஆகியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க சார்னு."

"என்ன சொன்னாரு?"

"கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. 'நடக்காத விஷயத்தைப் பத்தி எதுக்குப் பேசணும்?'னாரு."

என் மகள் சிரித்துவிட்டாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதே. என்னால முடியாதுன்னு எழுதிக் குடுக்கப் போறேன். ஜெயிச்சு வாங்கலை, டிரா பண்ணி வாங்கலை. தோத்து வாங்கின வருஷம் எனக்கு வேண்டாம்."

"மாப்பிள்ளை," என்றேன், "நாலு தடவை முன்னேறிக் காட்டினீங்க, நாலு தடவையும் வெளியே அனுப்பினாங்க. இந்தத் தடவை விழுந்தீங்க, உள்ளே வெச்சுக்கிட்டாங்க. அவங்க நியாயம் அவ்வளவுதான். அதுல போய் மானம் தேடாதீங்க. வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும்தான். ஆனா..."

"ஆனாவை அப்புறம் பாத்துக்கலாம். இந்தத் தடவையாவது எழுதி வாங்குங்க."

"அம்மா சொல்றதைக் கேளுங்க" என்றாள் மகள். "நான் வீட்டு ஓனர்கிட்ட இன்னும் ரெண்டு வருஷம் இருப்போம்னு சொல்லிட்டேன்."

"எப்ப சொன்னே?"

"நீங்க தோத்த மறுநாளே. நானும் அம்மாவும் எப்படியும் இருக்கப் போறோமே."

மறுநாள் அவர் போய் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். நான் படித்துப் பார்த்தேன். ஒரு வருடம் என்று தெளிவாக இருந்தது. கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

விடுமுறை முடிந்து, கீழ்ப் பிரிவில் முதல் பயிற்சி நாள். வக்கீலின் விரலைப் பார்க்க நானும் போயிருந்தேன். நகம் ஒழுங்காக முளைத்திருந்தது. மாப்பிள்ளை பையன்களைப் புல்லில் உட்கார வைத்து, ஐந்து வருடமாக மனதில் வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினார். இனி பந்தை எப்படி முன்னே கொண்டுபோவது, பின்வரிசையிலிருந்து யார் எப்போது மேலே ஓடலாம், யார் கட்டாயம் நிற்க வேண்டும் என்றெல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவருக்குப் பழக்கமில்லாத வேலை. வார்த்தை தேடித் தேடி, வியர்த்துப்போய்ச் சொன்னார்.

சொல்லியிருக்கவே வேண்டாம். வக்கீல் ஒவ்வொரு ஏனுக்கும் ஒரு எதிர் ஏன் வைத்திருந்தான். ஒன்றரை மணி நேரம் பேச்சிலேயே போயிற்று. கடைசிக் கால் மணிதான் பந்தைத் தொட்டார்கள். இருபத்து மூன்று உதையில் நான்குதான் கோலுக்குள் போயின. ஒன்று மைதானத்தைத் தாண்டி முதல்வர் அறையின் ஜன்னல் சட்டத்தில் போய் இடித்தது. கண்ணாடி உடையவில்லை.

"பாத்தீங்களா அத்தை?" விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டே வந்தார். "இவங்களுக்குக் காரணம் சொல்லியே இந்த வருஷமும் போயிடும் போல."

"நாளைக்கு அரைமணியில சொல்லி முடிங்க" என்றேன்.

"எங்கே முடியுது? அவன் விட்டாத்தானே" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் போன பந்தை எடுத்துவரச் சொல்லி வக்கீலையே விரட்டினார்.