முகம் கொடுக்காத சம்பந்தி

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையை அன்று திறந்த கொஞ்ச நேரத்தில் பெரியப்பா போன் செய்தார். "பெரியம்மா போயிட்டாம்மா. குடுத்த கஞ்சி மூச்சுக்கொழாயில எறங்கிடுச்சு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "தேனுக்குச் சொல்லிட்டேன். அவ மாமியாரும் வருதாம்" என்றார். இரண்டாவது செய்தியைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

என் அம்மாவின் அக்கா மல்லிகா பெரியம்மாவை அரும்பாவூரில் தெரியாதவர்கள் குறைவு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிறிய துணிக்கடை வைத்திருந்தார். சேலையை விரிக்கும் முன்பே சிரித்துவிடுவார். சும்மா பேச வந்தவர்களும் ஒரு ஜாக்கெட் துணியாவது எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

அந்தச் சிரிப்புதான் முதலில் போனது. கை நடுங்கவில்லை. முகம் மட்டும் மெல்ல மெல்ல அசைவை விட்டது. வாடிக்கையாக வரும் ஒரு பெண், "என்னக்கா, மூஞ்ச உம்முனு வச்சிருக்க? மாமா அடிச்சுட்டாரா?" என்று கேட்டபோது நான் அருகில் இருந்தேன்.

"அவருக்குக் கொசு அடிக்கவே தெம்பு இல்ல. என்னைய எங்க அடிக்கிறது" என்றார் பெரியம்மா. கடையே சிரித்தது. சொன்னவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. நாளடைவில், நாலு காசு வந்ததும் திமிரும் வந்துவிட்டது என்று ஊரில் பேச்சானது.

திருச்சியில் டாக்டர் பார்கின்சன் நோய் என்றார். மருந்தியல் படித்தவள் என்பதால் விளக்கும் வேலை எனக்கு வந்தது. நாம் சாப்பிடும் புரதத்தின் ஒரு துணுக்கிலிருந்து மூளையின் சில செல்கள் டோபமைன் என்ற பொருளைச் செய்கின்றன. நினைத்ததை உடம்பு செய்ய அது வேண்டும். அந்தச் செல்கள் அழிந்துகொண்டே வருவதுதான் இந்த நோய். டோபமைனையே கொடுத்தால் மூளைக்குள் நுழையாது. அதற்கு முந்தைய நிலையான லெவோடோபாவை மாத்திரையாகக் கொடுத்தால், உள்ளே போய் டோபமைனாக மாறும். ஆனால் கறி, முட்டையிலிருந்து வரும் புரதத் துணுக்குகளும் அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

"ரேஷன் கடை க்யூ மாதிரியா?" என்றார் பெரியம்மா.

"ஆமா பெரியம்மா. கறி முன்னால நின்னுகிட்டா மாத்திர வெளியவே நிக்கும்."

"சரி. இது வெளிய தெரியக் கூடாது. பரம்பரையான்னு கேப்பாங்க. தேனு கல்யாணம் முடியாது."

தேன்மொழி அவருடைய ஒரே மகள். அவளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அரியலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வந்தார்கள். காலையில் வருவதாகச் சொன்னவர்கள் மதியம் தாண்டி வந்தார்கள். முதல் மாத்திரையின் பலம் அதற்குள் இறங்கிவிட்டது. பேச்சு முடிந்ததும் இரு வீட்டாரும் கை நனைக்க வேண்டும். சேர்ந்து சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. இலையில் ஆட்டுக்கறி. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்து இலையைக் காட்டி, "உக்காருங்க சம்பந்தி" என்றார். சாப்பிடாவிட்டால் சம்பந்தத்தையே மறுத்ததாகும். பெரியம்மா என்னை ஒருமுறை பார்த்தார். யாருக்கும் தெரியாமல் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு வைத்த கறி முழுவதையும் சாப்பிட்டார்.

அந்த அம்மாள் வெற்றிலையை நீட்டி, "என்ன சம்பந்தி, எங்களப் புடிச்சிருக்கா?" என்று சிரித்தார். பெரியம்மாவின் தொண்டை மட்டும் அசைந்தது. கையும் நீளவில்லை.

"பொண்ணோட ஆத்தா நமக்கு முகம் குடுக்காது போலருக்கு" என்றார் அவர் தன் நாத்தனாரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர்கள் போன பிறகு, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார் பெரியப்பா. பெரியம்மா சம்மதிக்கவில்லை. "திமிரு புடிச்சவன்னாலும் எம் பொண்ணக் கட்டுவாங்க. சீக்காளின்னா கட்ட மாட்டாங்க. திமிருன்னே இருக்கட்டும்."

மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருந்ததால் கல்யாணம் நடந்தது. அன்று பெரியம்மா நேரம் பார்த்து மாத்திரை போட்டார், பந்திப் பக்கமே போகவில்லை, முகூர்த்தம் முழுக்கச் சிரித்தபடி நின்றார். மருந்து நன்றாக வேலை செய்தது. அதுவே வினையானது. "இன்னிக்கு மட்டும் பல்லு தெரியுது பாரு. அப்ப அன்னிக்கு வேணும்னேதான் இருந்திருக்கா" என்றார் சம்பந்தி. தன் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

பெரியம்மா மிதிக்கவில்லை. நடை குறுகி, பேச்சும் தேய்ந்திருந்தது. போனால் தெரிந்துவிடும். மகளிடம் போனில், "இன்னிக்கும் என்னையத் திட்டுனாங்களா?" என்று கேட்பார். "ம்" என்பாள் தேன்மொழி. "திட்டட்டும். நல்லது."

பேரனைத் தூக்கிக்கொண்டு தேன்மொழி ஒருமுறை வந்தாள். அசையாத அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் குழந்தை அலறியது. "தூக்கிட்டுப் போ" என்றார் பெரியம்மா. அதுவும் கோபமாகத்தான் கேட்டது.

துக்கத்துக்கு வந்த சம்பந்தி அம்மாள் கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் நின்று, "பெத்த பொண்ணு வூட்ட ஒரு நாளு எட்டிப் பாக்கல. அம்புட்டு வைராக்கியம்" என்றார்.

பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "வைராக்கியம் இல்லம்மா, நோவு. அன்னிக்கு அவளால சிரிக்க முடியல" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை வைத்துக் குனிந்து பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். வருந்துகிறார் என்று நினைத்தேன்.

"இது பரம்பரையா வருமா?" என்றார்.

பெரும்பாலும் வராது என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தலைமாட்டில் கண்ணில் நீரில்லாமல் நின்றிருந்த தேன்மொழியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, நீ ஏன் அழாம கல்லு மாதிரி நிக்கிற?"

தேன்மொழி அழுதாள். வாயை அகலத் திறந்து, முகம் முழுவதும் அசையும்படி, மாமியாரைப் பார்த்தபடியே அழுதாள்.

பெரியம்மா, நீங்கள் பயந்தது சரிதான். இனி உங்களுக்கு மாத்திரை நேரம் இல்லை. யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டியதில்லை. போய் வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. போங்கள்.