நரி போகும் வழியில் ஒரு கல்

மகள் தன் கடைசி வருடப் பள்ளி வேலையாக ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தாள். காட்டில் வழி தவறிய நரி ஒன்று வீடு போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் கதை.

"நானும் ஏதாவது செய்து தரட்டோ?" என்று கேட்டேன்.

எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு கல் செய்யச் சொன்னாள். நான் ஒரு டிராகனை எதிர்பார்த்திருந்தேன்.

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் ஒரு தொழிற்சாலையில் போத்தல்களில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மகளின் படிப்பில் நான் கடைசியாக உதவியது பெருக்கல் வாய்பாட்டில். ஆகவே கல்லானாலும் பரவாயில்லை என்று இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினேன். திரையில் ஒரு சாம்பல் உருண்டை வந்தது. மௌஸால் தடவினால் களிமண் மாதிரி வீங்கியது, அழுத்தினால் குழிந்தது. இடப்பக்கம் நான் குழித்தால் வலப்பக்கம் தானாகவே குழிந்தது. பாதி வேலையை அதுவே செய்கிறதே என்று மகிழ்ந்தேன். முகம் செய்கிறவர்களுக்கான வசதி அது, கல்லுக்கு அணைத்துவிட வேண்டும் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அதற்குள் கல்லுக்கு இரண்டு கன்னம் வந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, உங்கடை கல்லு ஏன் என்னைப் பாத்துச் சிரிக்குது?" என்றாள் மனைவி.

அடுத்த கல்லை மகள் உருளைக்கிழங்கு என்றாள். ஒப்படைக்கிற நாளுக்கு முன் கல் மாதிரி வந்தால் போடுவாளாம். இல்லாவிட்டால் இணையத்தில் சும்மா கிடைக்கிற கல் போதுமாம். சும்மா கிடைக்கிற கல்லிடம் தோற்க எனக்கு விருப்பமில்லை.

கடற்கரைக்குப் போய் உண்மையான கற்களைப் பார்க்கத் தொடங்கினேன். இத்தனை வருடம் மிதித்துத் திரிந்தவன், ஒன்றையும் பார்த்ததில்லை. கல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கரடுமுரடாக இருப்பதில்லை. ஒரு பக்கம் உடைந்து தட்டையாக இருக்கும், விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கும், அடிப்பக்கம் ஈரம் காயாமல் இருக்கும். நான் குந்தியிருந்து ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நாயோடு வந்த மனிதர் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். கல் பார்க்கிறேன் என்றேன். இங்கே நிறைய இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு வேகமாகப் போனார்.

உருவம் சரிவந்தது. இனி மேற்பரப்பு. உண்மையான கல்லைப் படமெடுத்து, அந்தப் படத்தைத் திரைக்கல்லின் மேல் போர்த்த வேண்டும். அந்த வாரம் முழுக்க மழை. வெளியே போகச் சோம்பல்பட்டு, வீட்டுக்குள்ளேயே கிடைத்த ஒரு கருங்கல்லைக் கைபேசியில் எடுத்துப் போர்த்தினேன். கல் உயிர்பெற்றது. மகள் வியந்துபோய், "கல்லு!" என்று தமிழிலேயே சொன்னாள். நரி போகும் பாதையோரத்தில் அதை வைத்தாள்.

விளையாடிப் பார்க்க அவளுடைய வகுப்புத் தோழிகள் மூன்று பேர் வந்தார்கள். நான் குசினியில் கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவியபடி எட்டிப் பார்த்தேன். மூன்று பேருடைய நரியும் என் கல்லடியில் நின்றது. பொத்தானை அழுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சுற்றிவந்து மறுபடி அழுத்தினார்கள். விளையாட்டுகளில் மினுங்குகிற பொருள் என்றால் எடுக்க வேண்டிய பொருளாம். ஒரு நரியும் வீடு போய்ச் சேரவில்லை.

அவர்கள் போனதும் மகள் என் பக்கம் திரும்பினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வரும்.

"அப்பா, இது ஏன் இப்பிடி மினுங்குது? எந்தக் கல்லைப் படம் எடுத்தனீங்கள்?"

நான் சுவரிலிருந்த சாமித்தட்டைக் காட்டினேன்.

"ஐயோ!" என்று மனைவி ஓடிவந்தாள். "பிள்ளையாரின்ரை முதுகையோ? வெள்ளிக்கு வெள்ளி நான் எண்ணெய் பூசித் துடைக்கிற முதுகு! அதிலை நரி ஏறி நிக்கிறதோ?"

"ஏறேல்லை. பக்கத்திலைதான் நிக்குது," என்றேன்.

"வாயை மூடுங்கோ."

எண்ணெயின் மினுக்கமும் படத்தோடு சேர்ந்து கல்லில் ஒட்டிக்கொண்டது. போத்தலில் லேபிள் அரை மில்லிமீட்டர் சரிந்தாலே பிடிக்கிற கண்ணுக்கு இது தெரியவில்லை. மேகமூட்டமான நாளில் படம் எடு என்று நான் இணையத்தில் பார்த்த பாடத்தில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். டென்மார்க்கில் அதற்கு ஒரு குறையும் இல்லை. மழை விட்டதும் கடற்கரையில் ஒரு மங்கல் கல்லைப் பிடித்தேன். பாசி படிந்த பக்கம், உடைந்த பக்கம் எல்லாம் எடுத்துப் போர்த்தினேன். பிள்ளையாரிடமும் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையார் உடனே தந்தார்.

தோழிகள் மறுபடி வந்தார்கள். மூன்று நரியும் என் கல்லைத் திரும்பியும் பாராமல் ஓடி வீடு சேர்ந்தன. ஒருவரும் கவனிக்காவிட்டால்தான் அது நல்ல கல் என்று மகள் விளக்கினாள். ஓம், சரிதான் என்றேன். ஆறு வார உழைப்பு, என் முகம் கொஞ்சம் வாடியிருக்க வேண்டும்.

ஒப்படைக்கிற நாள் காலையில் என்னையும் ஒருதரம் விளையாடிப் பார்க்கச் சொன்னாள். என் நரி மட்டும் கல்லடியில் நின்றது. சும்மா பொத்தானை அழுத்தினேன். திரையில் டேனிஷில் எழுத்து வந்தது:

"இது வெறும் கல். என் அப்பா செய்தது."

இன்னும் மூன்றுதரம் அழுத்தினேன். ஒவ்வொரு தரமும் அதுவேதான் வந்தது.