நடந்ததை மட்டும் சொல்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை ரயிலில் என்னோடு வரும் பெண்கள் எல்லாரும் கைப்பேசியில் ஏதாவது ஒரு தொடர் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். ஆனால் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பார்ப்பேன். அழுகை வந்தால் தள்ளிவிடுவேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா நின்றால் அதையும் தள்ளிவிடுவேன். “இப்டி பாக்கறதுக்கு பாக்காமலே இருக்கலாம்” என்று கேலி செய்கிறார்கள். நிதானமாக ரசிக்கத் தெரியாதவள் என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஒரு கதை எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதில் என்னோடு வாதாட அந்தப் பெட்டியில் ஒருத்திக்கும் தகுதி கிடையாது. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போதே அந்தத் தொழிலில் இறங்கியவள்.

தொழிற்பேட்டைக்குப் பின்புறம், ஒருவர் சுவரை இன்னொருவர் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் லைன் வீடுகளில் ஒன்றில் அப்போது குடியிருந்தோம். நைனாவுக்கு இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. வெள்ளைத் துணியைத் துவைத்துக் காயப்போட்டால் மாலையில் சாம்பல் நிறத்தில் எடுத்து மடிக்க வேண்டியிருக்கும். நைனாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். அவளைத் திருவாலங்காட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இங்கே வேலை கிடைத்திருப்பதால் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்தது உண்மைதான். வந்த பிறகு கிடைத்தது.

கார்களுக்கு உள்ளே ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் கம்பெனி அது. அத்தைக்கு மத்தியான ஷிப்ட் வந்த வாரங்களில், மாலையில் எங்கள் லைனே கூடிப் பார்க்கும் தொடரை அவளால் பார்க்க முடியாது. மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிடும்போது நான் அவளுக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் ஒப்பந்தம். இரண்டாவது பின்னலுக்கு ரிப்பன் கட்டி முடிப்பதற்குள் கதை முடிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூட மணி அடித்துவிடும்.

முதல் நாள் நான் ஒன்றையும் விடவில்லை. கதாநாயகி திரும்பிப் பார்த்ததைத் திரும்பிப் பார்த்துக் காட்டினேன். இடி இடித்ததை வாயால் இடித்தேன். மாமியாரின் முகத்தை மூன்று பக்கத்திலிருந்து காட்டினார்கள் என்பதற்காக நானும் மூன்று பக்கம் திரும்பினேன், பின்னல் கோணிக்கொண்டது. ஒரு பின்னல் முடிந்தும் கதாநாயகி வாயைத் திறக்கவில்லை.

“ஏ பாப்பா, இன்னா நடந்துச்சு? அத மட்டும் சொல்லுடி” என்றாள் அத்தை.

“அழுதாங்க அத்த.”

“அழுவறதெல்லாம் நடந்ததுல சேராது. மொறைக்கிறது, நெனச்சிப் பாக்கறது, அதுவும் சேராது. முன்ன இல்லாதது எதுனா புச்சா ஆச்சா? அதான் நடந்தது.”

இந்த விதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வாரத் தொடரும் சில சமயம் பாதிப் பின்னலுக்குள் அடங்கிவிடும். பை எடுத்தாள். வாசலுக்கு வந்தாள். நிற்கிறாள். அடுத்த வாரம் அத்தை கேட்டால், “இன்னும் நின்னுகினேதான் கீறாங்க” என்பேன். “ஒன்னு போவட்டும், இல்ல உள்ள போவட்டும். கால் வலிக்காதா அவளுக்கு?” என்று அத்தை சிரிப்பாள்.

அம்மாவுக்கு இந்தச் சிரிப்பு பிடிக்காது. தொடர் மெதுவாகப் போவதுதான் அம்மாவுக்கு வசதி. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாலும், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்தாலும், கதாநாயகி விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். அம்மாவுக்காக அப்படிக் காத்திருந்த இன்னொரு ஜீவன் அந்த வீட்டில் கிடையாது. “வேகமா ஓடிச்சின்னா யாரு பாக்கறது? ஒரு கொடம் ரொப்பிகினு வர்றதுக்குள்ள அவளுக்கு கல்யாணம் முடிஞ்சி கொழந்தையே பொறந்துடும்” என்பாள். அதிலும் நியாயம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது, ‘தொடரும்’ என்று போட்ட உடனே எழுந்து நின்று, “இன்னிக்கி ஒன்னுமே நடக்கல” என்று சத்தமாகத் தீர்ப்புச் சொல்வேன். அடிக்க வருவார்கள். ஓடிவிடுவேன். மறுநாளும் சொல்வேன்.

அந்த மாதிரியான ஒரு மாதத்தில்தான் மாமாவும் அவருடைய அம்மாவும் அத்தையைக் கூட்டிப்போக வருவதாகச் செய்தி வந்தது. அத்தையைக் கட்டியவர் என்பதால் அவர் எனக்கு மாமா. சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. நைனாவின் அண்ணனான பெரியப்பா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் எந்தப் பஞ்சாயத்தும் அவர் இல்லாமல் நடக்காது. காலையிலேயே அம்மா கோழி வாங்கி வரச் சொன்னாள். அத்தையின் புடவைகளை மடித்து ஒரு பையில் வைத்து, பையை வாசல் ஓரமாகவும் வைத்துவிட்டாள். அத்தை அதைப் பார்த்தாள்.

பெரியவர்கள் நாற்காலிகளிலும் கட்டிலிலும் உட்கார்ந்தார்கள். நைனா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். பெரியப்பா பேச ஆரம்பித்தார். அவர் பேச ஆரம்பித்தால் தாத்தா காலத்திலிருந்துதான் வருவார். எங்கள் வீட்டுப் பெண்கள் எப்படிப்பட்டவர்கள், பெண் பார்க்க வந்த அன்று எப்படி மழை பெய்தது, பந்தியில் சாம்பார் எப்படிப் பத்தாமல் போயிற்று என்று வந்துகொண்டே இருந்தார். மாமாவின் அம்மா தன் பங்குக்கு, பிள்ளையைப் பெற்றுப் பிரசவ ஆஸ்பத்திரியில் கிடந்ததிலிருந்து தொடங்கினார். டீ வந்தது. இன்னொரு முறையும் டீ வந்தது. மாமா கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தார். பேச்சு ஒவ்வொரு முறையும் அத்தையின் மணிக்கட்டில் இன்னும் அவிழ்க்காமல் இருந்த துணிக்கட்டுக்குக் கிட்டே வந்து, அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, மறுபடி கல்யாணப் பந்திக்கே போயிற்று.

கடைசியில் பெரியப்பா, “நீயும் சொல்லும்மா. மனசுல கீறத மொதல்லேர்ந்து சொல்லு” என்றார்.

அத்தை வாயைத் திறந்தாள். “அன்னிக்கி நான் கறி சூடு பண்ணலன்னு...”

“கறின்னா இன்னா சாதாரணமா? அவன் வேலை செஞ்சி களைச்சி வர்றவன்” என்று மாமாவின் அம்மா நுழைந்தார். களைப்பு என்றதும் பெரியப்பாவுக்கு உழைப்பைப் பற்றி ஒன்று ஞாபகம் வந்தது. அது முடிய வெகுநேரம் ஆயிற்று. அத்தை மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி யாரோ நுழைந்தார்கள். மூன்றாவது முறை அத்தை பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“பாப்பா, நீ சொல்லு. என் கதைய. நடந்தத மட்டும்.”

எனக்கு ஒரே பெருமை. அவ்வளவு பெரியவர்கள் எதிரில் என்னைக் கூப்பிட்டுக் கதை சொல்லச் சொல்கிறாள். பாடம் ஒப்பிப்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“மாமா அத்தய அடிச்சாரு. அத்த நம்ப ஊட்டுக்கு வந்துச்சி. அம்மா கோழிக் கொழம்பு வெச்சிது. பெரியப்பா வந்து, அனுசரிச்சிப் போன்னு சொல்லி, பஸ்ல கூட்டிகினு போய் உட்டுட்டு வந்தாரு. மாமா மறுபடி அடிச்சாரு. அத்த வந்துச்சி. அம்மா கோழிக் கொழம்பு வெச்சிது. பெரியப்பா கூட்டிகினு போய் உட்டுட்டு வந்தாரு. மாமா மறுபடி அடிச்சாரு. அத்த கையில கட்டு போட்டுகினு வந்துச்சி. இன்னிக்கி அம்மா கோழிக் கொழம்பு வெச்சிது. பெரியப்பா வந்துகீறாரு. அவ்ளோதான்.”

அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று. மாமா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“சின்னப் புள்ளைக்கு நல்லா சொல்லிக் குடுத்து வெச்சிகிறீங்க” என்றார் மாமாவின் அம்மா.

“அதுல எது பொய்யின்னு சொல்லுங்க, எடுத்துடலாம்” என்றாள் அத்தை.

யாரும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இந்த நேரத்துல கோவமா பேசினா பேஜாரு. பொங்கல் போவட்டும். அப்புறம் நெதானமா ஒக்காந்து பேசுவோம்.”

“பொங்கல் போனா சித்திரை வரும். இதயே எத்தினி தபாண்ணே இய்த்துகினு போறது? முடிஞ்சிபோச்சி. நான் போவல.”

“முடிஞ்சிதுன்னு நீ சொன்னா ஆச்சா?”

“வாழ்ந்தது நான்தானே? வேற யாரு சொல்வாங்க?”

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் பெரியப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் எழுந்துபோய் வாசல் ஓரத்துப் பையை எடுத்துவந்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள். பைக்குள் இருந்த சீப்பைப் பழையபடி கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகினாள். பிறகு திரைக்குப் பின்னால் போய்க் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவள் லீவு சொல்லியிருந்தாள் என்றுதான் அம்மா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

“கம்பெனி பஸ்ஸு வந்துடும். கொழம்பு ரெடியா கீது. எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கட்டுப் போட்ட கையை மட்டும் உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். நடை வேகமாக இருந்தது. அவளைக் கூட்டிப்போக வந்தவர்கள் அவள் இல்லாத வீட்டில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிடாமல் எழுந்தார்கள்.

அத்தை அதற்குப் பிறகு அந்த ஊருக்குப் போகவில்லை. நீதிமன்றத்துக்குப் போனாள். அங்கேயும் இழுத்தார்கள், விடாமல் போனாள். முடித்துக்கொண்டுதான் வந்தாள். பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பொம்பளைக்கு இவ்வளவு அவசரம் ஆகாது என்று உறவில் பேசாத வாய் இல்லை. அவசரமாம். அவள் கைக்கு வந்த கட்டு அவர்கள் கைக்கு வந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்குமா என்று நான் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் எதிரில் நின்று கேட்கிறேன். சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். தொடரில் பையோடு நின்றவள் ஒரு வழியாக உள்ளேயே திரும்பிப் போய்விட்டதாக அம்மாதான் சொன்னாள். அத்தையும் நானும் அதற்குள் அதை விட்டுவிட்டிருந்தோம்.

அன்று வந்தவர்கள் போன பிறகு நைனா வாசலில் தண்ணீர் டிரம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வேலைக்கும் போகவில்லை. தலையைத் தொங்கப்போட்டபடி இருந்தார். எனக்குக் குழப்பமாக இருந்தது. அடித்தவர் மாமா என்பதைக் கதையில் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தேன். தலை குனிய வேண்டியவர் நிமிர்ந்தபடி பஸ் ஏறிப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசாத நைனா எதற்கு இப்படி உட்கார்ந்திருக்கிறார்?

சொன்ன கதையை மனதுக்குள் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கண்டுபிடித்தேன். அதில் மாமா வருகிறார், அம்மா வருகிறாள், பெரியப்பா திரும்பத் திரும்ப வருகிறார். நைனா ஒரு இடத்திலும் வரவில்லை. நான் வேண்டுமென்று விடவில்லை. நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த விதிப்படி அவரைச் சேர்க்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் தன்னை மட்டும் விட்டுவிட்டதில் மனுஷருக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும்?

பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டேன்.

“கோச்சிக்காத நைனா. அடுத்த தபா சொல்றப்ப உன்னயும் கதையில சேத்துக்கறேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைத் தன் சட்டையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். சட்டையில் இரும்புப் பொடி வாசனை அடித்தது. அவர் நெஞ்சு குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். சமாதானமாகிவிட்டார் என்ற திருப்தியோடு கையை விடுவித்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டேன்.