பக்கத்து சீட்டின் பெல்ட்

போன வாரம் சம்பந்தியை நூவர்க் ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். பத்திரமாகத்தான் அழைத்து வந்தேன் – என்று எங்கள் ஊரான வெஸ்ட் வின்ட்சர் வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தி என்றால் என் மருமகள் நித்யாவின் அப்பா. திருச்சிக்காரர். கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அமெரிக்காவுக்கு இதுதான் முதல் தடவை. நித்யாவுக்கு அம்மா இல்லை. அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு அப்பாதான்.

என் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதுகுவலி எனக்குப் பல வருஷத்துச் சொந்தம். நாலு மாதத்துக்கு முன்னால், காரோடு வந்த முன் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஆன்லைனில் இரண்டு ஸ்போர்ட்ஸ் சீட் வாங்கி நானே மாட்டினேன். இடுப்பை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி உயரமான மெத்தை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

சீட்தான் புதுசு. பெல்ட் காரோடு வந்த அதே பெல்ட். அதைச் சொருகுகிற பக்கிள் இருக்கிறதே... அது பழைய சீட்டோடு சேர்த்து போல்ட் போட்டிருந்தது. கழற்றிப் புது சீட்டின் அடியில் மாட்டினேன். டிரைவர் பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத்து சீட்டில் போல்ட்டுக்கான ஓட்டை கொஞ்சம் கீழே, கொஞ்சம் பின்னால் இருந்தது. இருந்தால் என்ன? கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே குனிந்து, பெல்ட்டை இழுத்துச் சொருகிப் பார்த்தேன். க்ளிக். டெஸ்ட் பாஸ்.

பழைய சீட்டுக்குள் ஒரு சென்சார் இருந்தது. ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்றால் மணி அடித்தே உயிரை வாங்கும். புது சீட்டில் அந்தத் தொல்லை இல்லை. டேஷ்போர்டில் மட்டும் ஏதோ ஒரு ஆரஞ்சு விளக்கு அணையாமல் எரிந்தது. எரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் மனைவி மீனா முதல் நாளே ஏறினாள், நெளிந்தாள், இறங்கினாள்.

"இதுல மனுஷி உட்காருவாளா? பெல்ட்டும் மாட்ட மாட்டேங்குது, ஒண்ணும் மாட்ட மாட்டேங்குது. நான் பின்னாடியே உட்கார்ந்துக்கறேன்" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். இவள் குறை சொன்னால் அது என் காதில் விழுந்து எத்தனை காலமாகிறது?

ஏர்போர்ட்டில் சம்பந்தியை முன்னால் உட்கார வைத்தேன். பெட்டிகள் பின்னால். "பெல்ட் போட்டுக்குங்க சம்பந்தி" என்றேன். அவர் இழுத்தார், இடுப்புப் பக்கம் கையை விட்டுக் கொஞ்ச நேரம் துழாவினார். "ஆச்சு, நீங்க எடுங்க" என்றார்.

டர்ன்பைக் ஹைவேயில் ஏறியதுமே நான் சீட் புராணத்தை ஆரம்பித்துவிட்டேன். எப்படித் தேடி வாங்கினேன், எப்படித் தனி ஆளாக மாட்டினேன், முதுகுவலி எப்படி ஓடியது... அவர் "அப்படிங்களா, அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு பிக்கப் டிரக் சிக்னல் போடாமல் முன்னால் நுழைந்தது. பிரேக்கை அழுத்தினேன். சம்பந்தி முன்னால் வந்து, வலது கையை டேஷ்போர்டில் ஊன்றிச் சமாளித்தார்.

"சாரி சம்பந்தி."

"பரவாயில்லீங்க, பரவாயில்ல. ரோடு ரொம்ப நல்லாருக்கு."

வீட்டில் மீனா காபி கொடுத்தாள். அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த நித்யா, அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். பிடித்தவள் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பாக, சதுரமாக ஒரு தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"என்னப்பா இது... பெல்ட்டா?"

"ஒண்ணும் இல்லம்மா. அந்த இடத்துல மாட்டல. அதான் இடுப்போட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டேன்."

ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரைக்கும், முக்கால் மணி நேரம், மனிதர் பெல்ட்டின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். டர்ன்பைக்கில். அந்த பிரேக்கை இன்னும் கொஞ்சம் தாமதமாக அழுத்தியிருந்தால்?

"ஏன் சம்பந்தி ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க அந்த சீட்டைப் பத்தி அவ்வளவு ஆசையா சொல்லிட்டு வந்தீங்க. நடுவுல நான் எப்படிங்க சொல்றது?"

நேராக கராஜுக்குப் போனேன். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். யோசித்துப் பாருங்கள் – உங்கள் சொந்தக் காரில், டிரைவருக்குப் பக்கத்தில் கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள்? நான் மாட்டிய நாளிலிருந்து ஒரு தடவைகூட உட்காரவில்லை. உட்கார்ந்தேன்; இடுப்பும் மெத்தையும் சேர்ந்து இடுக்கை அடைத்துக்கொண்டன. பக்கிள் எங்கேயோ கீழே புதைந்து கிடந்தது. விரல் போகிறது, பெல்ட் போகவில்லை.

ஆள் இல்லாத சீட்டில் டெஸ்ட் பண்ணியிருக்கிறேன். பிழைப்புக்கு முப்பது வருஷமாக என்ன செய்கிறேன் தெரியுமா? சாஃப்ட்வேர் டெஸ்டிங்.

அப்போதுதான் உறைத்தது. உள்ளங்கைத் தடத்தைப் பார்த்ததுமே நித்யா எப்படி "பெல்ட்டா" என்று கேட்டாள்?

நித்யா ஆபீசுக்கு ரயிலில் போகிறவள். ஸ்டேஷனில் காரை நிறுத்துகிற பர்மிட்டுக்குப் பேர் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அதுவரை வாரத்தில் நாலு நாள் காலையில் அவளை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறக்கிவிடுவது நான்தான். இந்தக் காரில். இந்த சீட்டில்.

உள்ளே வந்து கேட்டேன். "நீ எப்படிம்மா பெல்ட் போடுவே?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நானும் கையில பிடிச்சுப்பேன் மாமா."

"நாலு மாசமாவா?"

"முதல் நாள் சீட் எப்படி இருக்குன்னு கேட்டீங்க. சூப்பர்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். புதுசாக வந்த வீட்டில், மாமனார் மனசு நோகக்கூடாது என்று ஒரு பெண் நாலு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாய்ந்த முதுகோடு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

மீனா "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. குறை சொல்கிறவர்களை நாம் தொல்லை என்கிறோம். 'பரவாயில்லை' என்று சிரிக்கிறவர்களைத் தங்கம் என்கிறோம். அந்தத் தங்கமான இரண்டு பேரைத்தான் நான் ரோட்டில் கொன்றிருப்பேன்.

மறுநாளே தெரிந்த மெக்கானிக்கிடம் காரை விட்டேன். கராஜ் மூலையில் போர்த்தி வைத்திருந்த பழைய சீட்டுகள் இரண்டும் திரும்ப ஏறின. பெல்ட்டையும் சென்சாரையும் அவர் ஆளை உட்கார வைத்தே சரிபார்த்தார். ஆரஞ்சு விளக்கு அணைந்தது. முதுகுவலி திரும்ப வந்துவிட்டது. வரட்டும்.

திங்கட்கிழமை காலை நித்யா ஏறி பெல்ட்டை மாட்டினாள். வண்டியை எடுப்பதற்கு முன்னால் சொன்னேன்.

"இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிடணும்மா. மாமா வருத்தப்படுவாரேன்னு பார்க்கக் கூடாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நிஜமாவா மாமா?"

"நிஜமா."

"நீங்க மஞ்சள் சிக்னல்ல நிக்கவே மாட்டேங்கிறீங்க. ஏசி ஜில்லுனு மூஞ்சியில அடிக்குது. காலையில நீங்க போடுற காபியில சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி. அப்புறம்..."

ஸ்டேஷன் வந்துவிட்டது. "மீதியை சாயங்காலம் சொல்றேன் மாமா" என்று இறங்கி ஓடினாள்.