பேட்டரிக்கு வைத்த சந்தனம்

உலக யுத்தம் முடிந்த வருஷம், ஊர் ஊராகப் போகும் மருத்துவ வேனில் நான் கம்பவுண்டர். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்ளேதான். ஆயுத பூஜையன்று காலையில் பேட்டரியைத் துடைத்து, ஒயர் மாட்டும் முனைகளிலும் பக்தியோடு சந்தனம் அப்பி, திரும்ப மாட்டினேன்.

சாயங்காலம் பாடாலூரில் ஒரு பெண்ணுக்கு வேனிலேயே டாக்டரம்மா பிரசவம் பார்த்தார். குழந்தையின் தலை தெரியும் நேரத்தில் விளக்கு அணைந்துவிட்டது.

"ஹாரன்கூட அடிக்கல டாக்டரம்மா" என்ற டிரைவர், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏங்க, இங்கயுமா பொட்டு வப்பாங்க?"

சந்தனம் ஓடாகக் காய்ந்திருந்தது. கத்தியால் சுரண்டி மாட்டினார். பளிச்சென்று வெளிச்சம், கூடவே குழந்தையின் அழுகை! மின்சாரமே பார்க்காத ஜனங்கள் வெளியே கையெடுத்துக் கும்பிட்டார்கள். நகத்தளவு சந்தனம் மறைத்து வைத்திருந்த அந்த வெளிச்சத்தை நானும் கும்பிட்டேன்.

இப்போதெல்லாம் பேட்டரிப் பெட்டிக்குத்தான் பொட்டு. விளக்கைப் போட்டுப் பார்த்த பிறகே கற்பூரம் ஏற்றுகிறேன்.