கொடி கட்டாத படலை

பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் கரம்பொன் ஊர்ப் பக்கம் நின்ற அக்கா அவர். மெலிந்த ஆள், வெயிலில் கறுத்த முகம். மற்ற வேட்பாளர்கள் தங்கள் கொடி கட்டிய வாசல் படலையைப் பார்த்துத்தான் உள்ளே போவார்கள். அவர் கொடியே கட்டாத வீடுகளுக்குப் போவார். அப்படித்தான் என் வீட்டுக்கும் வந்தார்.

கதிரையில் இருந்துகொண்டு, “எங்கடை கட்சியிலை என்ன குறை? பயப்பிடாமல் சொல்லுங்கோ,” என்றார். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கூச்சத்தை விட்டு, “சபையின்ரை தண்ணி பவுசர் லொறி உங்கடை ஆக்களின்ரை ஒழுங்கைக்குத்தான் முதல் போகுது,” என்றேன். மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

படலையடியில் நின்ற அவருடைய கட்சிக்காரர்களில் ஒருவர் பொறுமையிழந்தார்.

“அக்கா, கொடி பிடிச்சுக் கை நோகுது. எங்கடை வீடுகளுக்கு எப்ப வாறியள்? வராட்டில் எங்கடை வோட்டும் இல்லை.”

“நீங்கள் எதுக்கும் ஓம் எண்டுதானே சொல்லுவியள் தம்பி. இவர் சொன்னதை உங்களிலை ஆர் எனக்குச் சொன்னனீங்கள்?”

“அப்ப எலெக்சனிலை தோப்பியள்.”

“தோப்பன்,” என்று நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.

சொன்னபடியே அந்தக் கட்சிக்காரர்கள் வோட்டுப் போடப் போகவில்லை. அவர் தோற்றார். தெரிந்துகொண்டே தோற்கத் துணிந்த வேறொருவரை நான் கண்டதில்லை. இப்போதும் சந்தையில் கண்டால் நின்று சுகம் விசாரிப்பார். நான் யாருக்கு வோட்டுப் போட்டேன் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.