முப்பதுக்கு முப்பது

எங்கள் மருத்துவமனையின் ஞாபக மறதிப் பிரிவில் சோதனைத் தாளை வைத்துக் கேள்வி கேட்பவருக்குப் பரீட்சையம்மா என்று பெயர். ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பதினாறு வருடமாக அதே தாள். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், நான் சொன்ன ஐந்து வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லுங்கள். மொத்தம் முப்பது மதிப்பெண். "ஆளு பொய் சொல்லலாம் தம்பி, மார்க்கு சொல்லாது" என்று அடித்துச் சொல்வார்.

அவர் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு லிஃப்டைச் சரிசெய்து மூடினார். மூடிய கையோடு திரும்பத் திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். கம்பெனி மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அக்கா சும்மா இருப்பாரா? தன் தாளை வைத்து வீட்டிலேயே இரண்டு தடவை சோதித்தார். இரண்டு தடவையும் முப்பதுக்கு முப்பது.

அதற்குப் பிறகு அந்த மனிதருக்குத் தினமும் மண்டகப்படிதான். "முப்பதும் வாங்கின மூளைக்கு கேஸை அணைக்கத் தெரியாதா? எல்லாம் அக்கறை இல்லாத்தனம். நான் ஒருத்தி இருக்கேன்கிற நினைப்பே இல்ல." அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாராம். டீ நேரத்தில் அக்கா இதையெல்லாம் நடித்துக் காட்டுவார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் பெரிய டாக்டருக்கு அந்தத் தாள் மேலேயே சந்தேகம் வந்தது. ஆட்களை ஸ்கேனில் படுக்க வைத்து அதே கேள்விகளைக் கேட்பது, எந்தக் கேள்விக்கு மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று படம் எடுப்பது, சரியாக அளக்காத கேள்வியை மாற்றுவது என்று திட்டம். மறதி இல்லாத ஆட்களும் தேவைப்பட்டார்கள். அக்கா கணவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "படத்துலயும் நல்லா இருக்குன்னு வரட்டும், அப்புறம் பேசிக்கறேன்" என்றார் என்னிடம்.

இரும்பு உள்ளே போகக் கூடாது என்று அவர் சட்டைப்பையைத் துழாவினேன். மூன்று திருகாணிகள் இருந்தன. வேலை போன பிறகும் பழக்கம் போகவில்லை. உள்ளே படுத்து, காதில் கேட்ட கேள்விக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னார். ஒன்றுகூடத் தப்பில்லை.

இரண்டு நாளில் படம் தயாரானது. டாக்டர் இருவரையும் ஸ்கேன் அறைக்கே அழைத்துத் திரையைக் காட்டினார்.

"ஒரு படத்தை மட்டும் வெச்சு வியாதின்னு முடிவு பண்ண மாட்டேன்மா. ஆனா ஞாபகத்துக்கான இடம் வயசுக்கு மீறி சுருங்கியிருக்கு. அந்த அஞ்சு வார்த்தையைச் சொல்லும்போது அது அசையவே இல்ல. பேச்சுக்கான இடம்தான் வேலை செஞ்சிருக்கு. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. இந்தத் தாளை இவர் முன்னாடியே பாத்திருக்காரா?"

"சான்சே இல்ல சார்" என்றார் அக்கா.

"பாத்திருக்கேன்" என்றார் கணவர்.

மதிப்பெண் கூட்ட அக்கா தாள்கட்டை வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். தினமும் காலையில் அவர் குளிக்கப் போகும் நேரத்தில் இவர் அதை எடுத்துப் படித்திருக்கிறார். கிழமைக்குப் பேப்பரைப் பார்த்துக்கொள்வார். இரண்டு வருடமாக.

"எதுக்குங்க?" அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"மார்க்கு குறைஞ்சா நான் உன் பேஷன்ட் ஆயிடுவேன்ல? அவங்ககிட்ட நீ ஒரு மாதிரி மெதுவா, இனிப்பா பேசுவே. ஒருநாள் சாப்பாடு குடுக்க வந்தப்ப கேட்டேன். என்கிட்ட அப்படிப் பேசிடக் கூடாதுன்னு பயம். திட்டினா பரவால்ல. திட்டுற வரைக்கும் நான் உன் புருஷன்தானே."

டாக்டருக்கு ஒரே உற்சாகம். மனப்பாடம் செய்து ஏமாற்றலாம் என்பது கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டதாம், அந்த ஐந்து வார்த்தைக் கேள்வியையே மாற்றப் போகிறாராம். எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. 'ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி' என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அக்கா தன் கண்ணை நம்பாமல் தாளை நம்பினார். நாங்கள் எல்லாரும்தான் நம்பினோம்.

நான்கு மாதத்தில் புதுச் சோதனை வந்தது. கணவரைச் சோதிக்கும் அன்று அவரும் அக்காவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தக்காரரைச் சோதிக்கக் கூடாது என்ற விதியால் கேள்வி கேட்க வேறொரு பெண் உள்ளே காத்திருந்தாள். கதவைத் திறந்துவிட நான் நின்றேன்.

அவர் அக்கா பக்கம் சாய்ந்தார். "புதுத் தாள் ஒண்ணு குடேன். ரெண்டு நாள்ல படிச்சுடறேன்."

"இதுல படிக்க ஒண்ணும் இல்லங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற வார்த்தை வரும்."

"அப்ப நான் எப்படிம்மா பாஸ் பண்றது?"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அவசரமே இல்லங்க. தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. தெரியலன்னாலும் ஒண்ணும் தப்பில்ல, சரியா?" மெதுவாக, இனிப்பாகச் சொன்னார்.

அவர் கையை உருவிக்கொண்டார்.

"ஆரம்பிச்சுட்டியா?" என்றார்.